சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி

மாசக் காசு வாங்க கேபிள்காரத் தம்பி வந்தபோது, பெட்டியைத் துடைத்துத் துணியில் சுற்றித் தயாராக வைத்திருந்தேன்.

"எடுத்துட்டுப் போ தம்பி. இனிமே வேணாம்."

"ஏன் ஆத்தா, படம் தெளிவாத் தெரியலையா?"

"படம் தெரியுது. பாதிச் சேனல்ல என்ன பேசுறாகன்னுதான் தெரியல. புரியாத பாஷையில ஒருத்தி நாள் பூரா வளையல் விக்கிறா. அவளுக்கும் சேத்து நான் எதுக்குக் காசு குடுக்கணும்?"

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்க அன்றைக்கே செய்தி பரவியது. நான்தான் பரப்பினேன். குழாயடியில் நின்று, டிவி இல்லாமல் மிச்சம் பிடிப்பது எப்படி என்று கேட்காதவர்களுக்கும் விளக்கினேன். சென்னையிலிருந்து மகன் போனில், "நீ பெரிய ஆளும்மா" என்றான். ஒப்புக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே இருப்பவள் என் வயதுக்காரி, என்னை மதினி என்று கூப்பிடுகிறவள். காது மந்தம். சாயங்காலம் அவள் சீரியல் போட்டால் என் வீட்டுப் பாத்திரங்கள் அதிரும். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கீரை ஆய்ந்துகொண்டே முழுக் கதையையும் கேட்டுவிடுவேன். கதையில் வரும் மாமியார்க்காரி என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

இதில் அவள் மகன் மண்ணை அள்ளிப் போட்டான். மலை மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்ப்பவன், ஊருக்கு வந்தபோது அம்மாவுக்குக் காது மெசின் வாங்கிக் கொடுத்துவிட்டான். அன்று சாயங்காலம் சுவரில் சத்தமே இல்லை. அதுவும் எப்பேர்ப்பட்ட நாள்! முந்தின நாள்தான் மாமியார் மருமகளின் பாலில் விஷம் கலந்திருந்தாள். குடித்தாளா, இல்லையா? கேபிள்காரத் தம்பியைக் கூப்பிட்டால் மானம் போகும். யாரிடமாவது கதை கேட்டால் அதைவிடக் கேவலம்.

காதைச் சுவரில் ஒட்டினேன். மாமியாரின் குரல் லேசாகக் கேட்டது. ஆத்திரம் தாங்கவில்லை.

"பால்ல வெசம் வச்ச பாவி, உன் கை அழுகிப் போகும்டி!"

அந்தப் பக்கம் டிவி நின்றது.

"மதினி, யாரை வையிறீக?"

நாற்காலியைச் சத்தமில்லாமல் சுவரை விட்டு நகர்த்தினேன்.

"மெசினு போட்டதுல எல்லாம் கேக்குது மதினி."

"பூனைய வஞ்சேன்."

"பூனை பாலைக் குடிக்கத்தான செய்யும்? என்னைக்கு வெசம் வச்சுச்சு?"

அவள் இருமலும் சிரிப்புமாக ஓய்ந்தபின் சொன்னாள்: "மருமக குடிக்கல மதினி. வெசம் வச்சவ பெத்த மகனே எடுத்துக் குடிச்சிட்டான். ஆசுபத்திரியில கெடக்கான்."

"அப்படிப் போடு!" என்று என்னை அறியாமல் வந்துவிட்டது.

மறுநாள் குழாயடியில், "மெசினு காதுல உறுத்துது, சாயங்காலமானா கழட்டி வச்சிரப் போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்து, முகத்தில் துளிச் சிரிப்புகூட இல்லாமல், "மதினி மாதிரி டிவி இல்லாம இருக்க நம்மளால ஆகுமா?" என்றாள்.

"பழகிட்டா ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கினேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டுப் பாத்திரங்கள் அதிர்ந்தன. மாமியார்க்காரியை இப்போதெல்லாம் மெதுவாகத்தான் வைகிறேன்.