மேரி டீச்சர் வீட்டு அதிரசம்

இன்று பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம் கொடுத்தார்கள். "எள்ளு அலர்ஜிங்க" என்றதும் புரிந்துகொண்டார்கள்.

எழுபதுகளில், பாப்பிரெட்டிப்பட்டியில், அலர்ஜி என்ற சொல்லே எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸ் அன்று, என்னோடு ஒரே பள்ளியில் பாடம் நடத்திய மேரி டீச்சர் தன் வீட்டில் அதிரசத் தட்டை நீட்டினார். அதிரசம் முழுக்க எள். தின்றால் எனக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டும்.

"எனக்கு ஒத்துக்காதுங்க டீச்சர்."

அவர் முகம் வாடிவிட்டது.

"எங்க சாதிக்காரங்க வூட்டுக்கு வந்தா எல்லாருக்கும் ஏதாச்சும் ஒத்துக்காமதான் போவுதுங்க."

தின்னவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை.

"சோறு இருந்தா போடுங்க" என்றேன்.

சோறும் கோழிக் குழம்பும் வந்தன. மறுபடி மறுபடி கேட்டு வாங்கித் தின்றேன்.

கடைசியில் அவரே சிரித்துவிட்டார். "போதுங்க டீச்சர், எங்க வூட்டுக்காரருக்குக் கொஞ்சம் வையுங்க!"

ஒத்துக்காது என்பதை நிரூபிக்க நீங்கள் என்ன பாடுபட்டீர்கள்?