நாலாவது கிண்ணம்

மேசையடியில் குந்தி, கிண்ணங்களில் தண்ணீர் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கிறார் தண்டபாணி. மேசையின் நான்கு கால்களும் நான்கு பீங்கான் கிண்ணங்களுக்குள் நிற்கின்றன. மேலே கண்ணாடி மூடிய பெட்டிகள்; உள்ளே அந்துப்பூச்சிகள். எறும்பு ஏறிவிட்டால் குத்திய ஊசிதான் மிஞ்சும்.

பர்மாவில், பசுந்தாங்கில் மூன்றாம் மாடி வீடு. கீழே கடையில் மின்விசிறிகளுக்குச் செப்புக் கம்பி சுற்றுவது பிழைப்பு. கம்பி முறுக்கும் அதே சின்னக் குறடால்தான் பூச்சியின் காலையும் நிமிர்த்துகிறார். உயிரோடு எதையும் பிடிப்பதில்லை. மழைக்கால விடியலில், புத்தர் கோயில் விளக்குகளின் அடியில் செத்து விழுந்தவற்றை மட்டும் வெற்றிலை டப்பாவில் பஞ்சு வைத்துக் கொண்டுவருகிறார். அது மனைவி சாயிமாவின் சட்டம். பாதித் தமிழ், பாதி பர்மியக் குடும்பம், பௌத்தர். கணவரையும் பர்மிய வழக்கப்படி மரியாதைக்கு 'கோ' சேர்த்துத்தான் கூப்பிடுவார்.

"உசுரக் கொன்னுட்டு வந்தா சோறு கிடையாதுன்னு அன்னைக்கே சொல்லியாச்சு, கோ தண்டபாணி."

இந்தப் பித்து எப்படி வந்தது என்று கேட்டால், பேச்சு துரைக்குப் போய்விடுகிறது. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் காடு காடாகப் பூச்சி சேர்த்த ஒரு மனிதர். பெயர் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. அவருக்குப் பெட்டி சுமந்தவர் தண்டபாணியின் முப்பாட்டன்.

"அவருக்குச் சம்பளம் குடுக்க ஆளில்ல. பூச்சிய சீமைக்கு அனுப்பி வித்தாத்தான் அரிசி. பூட்ஸ் நெறைய அட்டை. ஒருநாள் காய்ச்சல்ல தண்ணி தண்ணின்னு பொலம்பியிருக்காரு. ஆத்துக்குப் போக எங்க முப்பாட்டனுக்குப் பயம், புலி இருக்குல்ல. மேசைக்கால் கிண்ணத்த உருவிக் குடிக்கக் குடுத்துட்டாரு. விடிஞ்சு பாத்தா பெட்டியில ஒண்ணுமில்ல. மூணு வருசப் பாடு."

"திட்டினாரா?"

"அதான் இல்ல. எந்திரிச்சதும் வலையத் தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போயிட்டாராம். திட்டியிருந்தா நாங்க மறந்திருப்போம்."

சமையலறையிலிருந்து சாயிமாவின் குரல் வருகிறது. "இவரு முப்பாட்டன் செஞ்சதுக்கு நான் கிண்ணம் கழுவுறேன்."

நாளை காலை ரூபா என்ற பல்கலைக்கழக ஆசிரியை வருகிறார். சாம்பல் சிறகில் வெள்ளைக் கீற்றோடிய ஒரு பூச்சி, தண்டபாணியிடம் உள்ள எந்தப் படத்திலும் இல்லை. அது என்ன இனம் என்று பார்த்துச் சொல்வதாக ரூபா ஒப்புக்கொண்டிருக்கிறார். பெட்டியைப் பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆள் வருவது இதுதான் முதல் முறை. தண்டபாணி இப்போதே சவரம் செய்துகொண்டுவிட்டார்.

மாலையில் மறுபடி குனிந்தவரின் விரல் நாலாவது கிண்ணத்தில் ஈரத்தைத் தொடவில்லை. சித்திரை வெயில் குடித்துவிட்டிருந்தது. சுவரில் சிவப்பு எறும்பு வரிசை, மேசைக்காலுக்கு ஒரு சாண் தள்ளி. மற்ற மூன்று கிண்ணங்களிலும் கால் நனையும் அளவே இருந்தது. குழாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது; மின்சாரம் இல்லை.

"மீ காலையிலேயே போயிடுச்சு, மோட்டார் எங்க ஓடும்? தண்ணிக்காரன் நாளைக்குத்தான்," என்றபடி சாயிமா ஒரு தம்ளர் குடிநீரையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நீட்டினார். "இதான் கடைசி. மாத்திரைக்குன்னு எடுத்து வச்சேன். பாத்துக்கிட்டு நிக்காம முழுங்குங்க."

தண்டபாணி மாத்திரையை நாக்கில் வைத்தார். கண்ணை இறுக மூடி, வெறும் தொண்டையில் விழுங்கினார். பிறகு குனிந்து, சிந்தாமல், தம்ளரை நாலாவது கிண்ணத்தில் சாய்த்தார்.