கண்ணாடி அலமாரியில் ஒரு மணி

ஒரு பாட்டுக்கு நடுவில் ஓட்டை விழுந்தால் எப்படி இருக்கும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைக் கேட்டவள் நான். கேட்டதோடு விட்டதா? அந்த ஓட்டையை வாயால் அடைக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம். மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் தமிழ்ச் சர்ச்சில் இருந்த வெள்ளைக்கார மிஷன் அம்மா ஊருக்குக் கப்பலேறும்போது ஒரு மரப்பெட்டியை விட்டுப்போனார். உள்ளே நீல வெல்வெட்டில் பித்தளைக் கைமணிகள். பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொரு மணிக்கும் ஒரே ஒரு சுரம். ஆளுக்கு இரண்டு மணி, கைக்கு ஒன்று. உங்கள் சுரம் வரும்போது மணியை முன்னால் வீசி அடிக்க வேண்டும், அடுத்த சுரம் வந்ததும் நெஞ்சில் சாய்த்து ஓசையை அடக்க வேண்டும். யார் கையிலும் முழுப்பாட்டு கிடையாது. பாட்டு வரிசையில் கைமாறிக் கைமாறிப் போகும். ஒருத்தர் வராவிட்டால் அந்த இடத்தில் பாட்டு பல் விழுந்த வாயாக இளிக்கும்.

வியர்வை பட்டால் பித்தளை கறுத்துவிடும் என்று எல்லாருக்கும் வெள்ளைக் கையுறை. மலாக்கா வெயிலில் கையுறை போட்டுக்கொண்டு மணி அடித்துப் பாருங்கள், தெரியும். பத்து நிமிஷத்தில் கையுறையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். எங்கள் அப்பா என்னைப் பார்த்து, “என்னா, பூசாரி வேலைக்குப் போறியா?” என்று கேட்டுச் சிரித்தார். சிரித்தாலும் போகவிட்டார். டைப்பிஸ்ட் வேலை, விட்டால் வீடு, வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு. அதற்கு நடுவில் எனக்கென்று இருந்தது சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றுதான்.

முதல் நாள் மணிகளைப் பிரித்துக் கொடுத்தார் மாஸ்டர். பகலில் தமிழ்ப்பள்ளி வாத்தியார், சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர், மணிக்குழுவுக்கும் அவர்தான் தலை. அவருடைய மனைவியின் அக்கா அன்றைக்கு வந்திருந்தார். பட்டுச்சேலை, மல்லிகை, பவுடர். நாங்கள் எல்லாரும் வாய் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவர் நேராகப் பெட்டிக்குப் போய், கடைசியில் இருந்த குட்டி மணியை எடுத்துக்கொண்டார்.

“இதுதான் அழகா இருக்கு. இது எனக்கு” என்றார்.

அது தனி மணி. அதற்கு ஜோடி கிடையாது. உச்ச சுரம். அன்று எல்லாரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பக்கம் ஆட்டிய இரைச்சலில் அந்த மணி எப்படி ஒலித்தது என்று எனக்குக் கேட்கவே இல்லை. ஒத்திகை முடிந்ததும் அக்கா அதைக் கைக்குட்டையில் சுற்றி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப்பின் ஒத்திகைக்கு அக்காவும் வரவில்லை, மணியும் வரவில்லை.

ஒரு வாரம் மூச்சிழுப்பு என்று சொல்லியனுப்பினார். ஒரு வாரம் மாமியார் வந்திருக்கிறார். ஒரு வாரம் மழை. காஜா பெராங்கில் மழை பெய்தால் எங்களுக்கெல்லாம் பெய்யாதா என்ன? நான் புக்கிட் காதிலிலிருந்து பஸ்ஸில் வருகிறேன், அந்த அம்மாவுக்கு நாலு வீடு தள்ளி வர முடியவில்லை!

மாஸ்டர் தேர்ந்தெடுத்தது ஒரு கிறிஸ்துமஸ் மெட்டு. நாலு அடி. ஒவ்வொரு அடியும் மெல்ல மெல்ல மேலே ஏறி, உச்சியில் போய் நிற்கும். அந்த உச்சிதான் அக்காவின் சுரம். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போவோம், மேலே போனால் ஒன்றும் இருக்காது. சுத்தம். வெளியே செட்டி கம்பம் என்கிற பக்கத்துக் குடியிருப்பின் கோயில் மேளம் மட்டும் கேட்கும்.

“மாஸ்டர், இப்படியே அடிச்சா எப்படி? அந்த மணியையாவது வாங்கிட்டு வாங்க. வேற ஆள வச்சி அடிக்கலாம்” என்றேன்.

அவர் கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தங்கச்சி, நான் குடியிருக்கிறது அவங்க வீட்டு மேல்மாடில. நான் சோறு திங்க வேணாமா? நீ பக்கத்துலதான நிக்கிற. அந்த இடம் வரும்போது வாயால சொல்லிரு.”

“வாயாலயா?”

“டிங்னு சொல்லு. கணக்கு தப்பாம இருக்கும்.”

எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த இரண்டு மணியையும் அவர் தலையில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. டிங் என்று சொன்னேன். என் இரண்டு கையிலும் மணி, வாயில் மூன்றாவது மணி. சும்மா முணுமுணுத்தால் கடைசியில் நிற்கும் ஆளுக்குக் கேட்கவில்லை என்றார்கள். சரியென்று சுரத்தோடு உரக்கப் பாடினேன். கொஞ்ச நாளில் என் பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டார். அப்புறம் அவருக்குப் பக்கத்து ஆள். கடைசியில் ஆர்கனுக்கு முன்னால் நின்று கையசைக்கிற மாஸ்டர் உட்பட எல்லாரும் அந்த இடம் வந்ததும் வாயைத் திறந்து டிங். என்ன கண்றாவி இது என்று எனக்கு மட்டும்தான் எரிந்தது. மற்றவர்களுக்குப் பழகிவிட்டது.

மறுவருஷம் மழைக்காலம் தொடங்கும்போது சிங்கப்பூரிலிருந்து செய்தி வந்தது. மிஷனின் பெரிய பாதிரியார் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மலாக்கா வருகிறார். மணிகளை ஒழுங்காக அடிக்கிற குழு இருந்தால் இங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் பெட்டியோடு சிங்கப்பூர் சர்ச்சுக்குக் கொண்டுபோய்விடுவாராம்.

மணி போனால் என் சனிக்கிழமையும் போச்சு. அதைவிட, இத்தனை நாள் நான் வாயால் சொன்ன அந்தச் சுரம் மணியில் எப்படி ஒலிக்கும் என்று ஒரு தடவைகூடக் கேட்காமல் போய்விடுவேன். அதை நினைத்தாலே எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அடுத்த நாளே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். வரவேற்பறையில் கண்ணாடி அலமாரி. மேல் தட்டில் பீங்கான் கோப்பைகள், அதற்குக் கீழே சுதந்திர தினத்துக்கு வாங்கிய குட்டிக் கொடி, கொடிக்குப் பக்கத்தில் பின்னல் துணி விரித்து அதன்மேல் எங்கள் மணி. பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

“பாத்தியா, எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன்! உங்ககிட்ட இருந்தா இந்நேரம் கறுத்துப் போயிருக்கும்” என்றார். மைலோவும் பிஸ்கட்டும் வந்தன.

“அக்கா, ஒத்திகைக்காவது மணியக் குடுங்க. முடிஞ்சதும் நானே கொண்டாந்து குடுத்திர்றேன்.”

“நான் இல்லாம மணி மட்டும் எப்படிலா வரும்? அது நல்லாருக்காது.”

“அப்ப நீங்க வாங்க.”

“எனக்கு எதுக்கு ஒத்திகை? மெட்டு எனக்குத் தெரியும். அன்னிக்கு வந்து அடிச்சிருவேன், நீ கவலப்படாத.”

நாடே வெள்ளைக்காரன் கையிலிருந்து வந்துவிட்டது, இந்த அம்மா கையிலிருந்து ஒரு மணி வரமாட்டேன் என்கிறதே என்று மனசுக்குள் பல்லைக் கடித்தேன். சரி, கேட்டாவது பார்ப்போம் என்று, “ஒரே ஒரு தடவ அடிச்சிக் காட்டுங்கக்கா, எப்படி இருக்குன்னு கேட்டுட்டுப் போறேன்” என்று கெஞ்சினேன்.

“ஐயோ, வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுல மணியடிச்சா அக்கம்பக்கத்துல என்னா நெனப்பாங்க? நாம சர்ச்சுக்குப் போறவங்க! பிஸ்கட் எடுத்துக்க.”

பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது?

கிறிஸ்துமஸ் காலை. அக்கா சொன்னபடியே வந்தார். கைப்பையிலிருந்து மணியை எடுத்து, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். பெரிய பாதிரியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் கையைத் தூக்கினார். மெட்டு எழுந்தது, ஏறியது, உச்சிக்கு வந்தது. அக்கா அடித்தார். அந்தப் பாவி மனுஷி நேரம் தவறாமல் அச்சாக அடித்தார்! கை வீசியது என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அதே நொடியில் நாங்கள் அத்தனை பேரும் வாயைத் திறந்து, ஒரே குரலில், டிங்!

சர்ச்சே எங்களைப் பார்த்தது. மாஸ்டர் முகம் வெளுத்தது. இரண்டாவது அடியில் அடக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். நான் அடக்கினால் நர்ஸம்மா பாடுகிறார், நர்ஸம்மா அடக்கினால் மாஸ்டரே பாடுகிறார். நாலு அடிக்கும் நாலு டிங். குட்டி மணி எட்டுப் பேர் தொண்டைக்கு அடியில் எங்கேயோ அமுங்கிப் போனது. முடிந்துவிட்டது, பெட்டியைக் கட்டப்போகிறார்கள் என்று எனக்கு அழுகை முட்டியது.

பெரிய பாதிரியார் எழுந்து வந்து மாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மணியோடு மனிதக் குரலையும் சேர்த்த இப்படியொரு அழகை அவர் எங்கேயும் கேட்டதில்லையாம். இது தமிழர் வழக்கமா என்று கேட்டார். மாஸ்டர் கொஞ்சமும் யோசிக்காமல் ஆமாம் என்றார். மணிகள் இங்கேயே இருக்கட்டும், அந்தக் குரலை மட்டும் ஒருநாளும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அக்கா மணியைக் கைக்குட்டையில் சுற்றினார். “அதான் நீங்க எல்லாம் நல்லா பாடுறீங்களே. நான் வேற எதுக்கு வாராவாரம்?” என்றார். மணி மறுபடியும் அலமாரிக்குப் போனது. எங்களுக்கு டிங் நிரந்தரமானது.

அதற்கடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை தூரத்துச் சிரம்பான் ஊர்க்காரர். அதோடு எனக்கும் மணிக்கும் உறவு முடிந்தது என்று தெரிந்ததும் நேராக மாஸ்டரிடம் போனேன்.

“கல்யாணத்துல நீங்க அந்த மெட்ட அடிக்கணும். அக்கா கண்டிப்பா வருவாங்க, பட்டு கட்ட எடம் கெடச்சா விடமாட்டாங்க. ஆனா யாரும் வாயத் திறக்கக்கூடாது. ஒரே ஒரு நாள், எனக்காக. அந்த மணிய நான் கேக்கணும் மாஸ்டர்.”

அவருக்கே மனசு இளகிவிட்டது. வேதத்தின்மேல் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். எல்லாரிடமும் சொல்லி, ஒத்திகையில் வாயில் கைக்குட்டையைக் கவ்விக்கொண்டு அடித்துப் பழகினார்களாம். நர்ஸம்மா வந்து சொல்லிவிட்டுப் போனார். என் இரண்டு மணியைச் செமாபோக்கிலிருந்து வந்த ஒரு பெண் அடிக்கக் கற்றுக்கொண்டாள்.

கல்யாணத்தன்று முக்காட்டோடு பீடத்துக்கு முன்னால் நிற்கிறேன். பக்கத்தில் நான் அதுவரை சரியாக முகம்கூடப் பார்க்காத மனிதர். எனக்கு அவர் ஞாபகமே இல்லை. காதெல்லாம் பின்னால் இருந்தது. மெட்டு எழுந்தது. என் பழைய சுரங்கள் வேறொருத்தி கையில் ஒலித்தன, பரவாயில்லை, நன்றாகவே அடித்தாள். மெட்டு ஏறியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லார் வாயும் இறுக்கிப் பூட்டியிருந்தது. மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா கையை வீசினார்.

டிங்!

உரக்க, சுரத்தோடு, முக்காட்டுக்குள்ளிருந்து. பாடியது நான்தான்.

மாப்பிள்ளை திடுக்கிட்டு என் பக்கம் திரும்பினார். பாதிரியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பின்னாலிருந்தவர்களோ, கல்யாணப்பெண்ணே ஆசைப்பட்டுக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. மிச்சம் மூன்று அடிக்கும் மாஸ்டர் முதற்கொண்டு எல்லாரும் சந்தோஷமாக வாயைத் திறந்து பாடினார்கள்.

“என்னாச்சு? உடம்பு சரியில்லயா?” என்று மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

“ஒண்ணுமில்ல” என்றேன். அதுதான் என் கணவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை. அன்று சாயங்காலமே சிரம்பானுக்குப் புறப்பட்டுவிட்டோம். அந்த மணி எப்படி ஒலிக்கும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.