இரண்டு ஈயக்கட்டி

தாசையன் என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம். ஆறு வருஷமாக எனக்கு அவன்மேல் அந்தக் கோபம் உண்டு.

சின்ன வயதில் விழிஞ்ஞத்தில் மூச்சடக்கி முங்கிச் சிப்பி பறித்தவன். பிற்பாடு முதுகில் டாங்க் கட்டி முங்கப் படித்து, கோவளத்தில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போனான். அந்த டாங்குகளுக்குக் காற்று நிறைப்பது என் வேலை. எங்கே ஆள் முங்கிச் செத்தாலும் தேட அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் ஊர்ப் பொன்னம்மையின் மகன் பினு, கல் உடைத்துக் கைவிட்ட பாறைமடைக் குளத்தில் விழுந்த அன்று தாசையன் என் ஷெட்டுக்கு வந்தான்.

"எடே, பன்னிரண்டு லிட்டர் இரும்பு டாங்கைக் கொண்டுபோ. காத்து கூடுதல் நிக்கும்" என்றேன்.

"அதையும் சுமந்து அந்தப் பாறையில எறங்க நான் என்ன கழுதையா அண்ணாச்சி? பத்து லிட்டர் அலுமினியம் போதும்."

ஆளைத் தண்ணீருக்கு அடியில் நிறுத்த அவன் இடுப்பு பெல்ட்டில் நாலு ஈயக்கட்டி உண்டு. உப்புத்தண்ணீர் தூக்கும் அளவுக்கு நல்ல தண்ணீர் ஆளைத் தூக்காது. "ரெண்டு மதிடே, அது போதும்" என்று இரண்டைக் கழற்றினது நான். இரும்பு டாங்குக்கு அந்தக் கணக்கு சரி. அலுமினியம், காற்று தீரத்தீர லேசாகி ஆளை மேலே இழுக்கும். தெரிந்தவன்தான் நான். அன்று மறந்துபோனேன்.

கரையேறி, "ஒண்ணும் கிட்டல அக்கா" என்று பொன்னம்மையிடம் சொன்னான். டாங்கைத் திருப்பித் தரும்போதுதான் என்னிடம் உண்மை வந்தது.

"பாறை இடுக்குல அவன் காலரைப் பிடிச்சேன் அண்ணாச்சி. டாங்க் என்னை மேல தூக்கிட்டுது. கை விட்டுப்போச்சு."

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுநாள் இரும்பு டாங்கோடு போனான். அதற்குள் மழையில் கரை இடிந்து அந்த இடுக்கு மூடிக் கிடந்தது. இனி யாரும் இறங்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

அப்புறம் அவன் கடலுக்கே போகவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் சுமை இறக்கினான். "ஒறக்கத்துல என் சேலைத் தும்பைப் பிடிச்சா, ஒவ்வொரு விரலா நிமித்தணும்" என்பாள் அவன் பெண்சாதி ரத்னாபாய்.

பொன்னம்மை வருஷாவருஷம் அதே தேதிக்கு என் ஷெட்டுக்கு வருவாள். "தாசையன் பேடிச்சு பாதியில ஏறிட்டான், அல்லே? உள்ளதைச் சொல்லும்."

"எனக்கு என்ன தெரியும்?" என்பேன். அவள் போன பிறகு, மூலையில் நிற்கும் அந்த அலுமினிய டாங்க் சீறுவதுபோலக் கேட்கும். அதில் காற்றே கிடையாது.

ஒருநாள் பொறுக்காமல் அவனிடம் கத்தினேன். "ஈயத்தைக் கழத்தினது நான்தானேடே! கேட்டுத் தொலையேன்!"

"சாயா குடிப்போமா அண்ணாச்சி?"

போன மாதம் ஆஸ்பத்திரியில், ஈரல் கெட்டு வயிறு வீங்கிக் கிடந்தான். என் மணிக்கட்டைப் பிடித்தான். வலித்தது. நான் கையை உருவவில்லை.

"பொன்னம்மையக்கா கிட்ட நீங்க போய்ச் சொல்லணும். நான் அடிவரைக்கும் போனேன், பினுவைப் பிடிச்சேன்னு. அந்த ஈயக்கட்டி காரியம் மட்டும் சொல்லண்டாம், கேட்டியளா?"