இருபத்துநாலு கணுக்கால்

கூடைப்பந்து என்றால் ஊர் உலகம் பந்தைப் பார்க்கும், கூடையைப் பார்க்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பார்ப்பது கணுக்காலை. குதித்து இறங்கும்போது கொஞ்சம் பிசகினால் போதும், பையன் ஒரு மாசம் உட்கார வேண்டியதுதான். அப்படி ஆகாமல் இருக்க, ஆட்டத்துக்கு முன்னால் காலில் பிளாஸ்திரி சுற்றிக் கட்டுவது என் வேலை. தாம்பரம் பக்கம் ஒரு சின்னக் கல்லூரி. ஆண்கள் டீமுக்கு கோச் சார், உதவி கோச் பஷீர் சார், மூன்றாவதாக நான். எட்டாவது வரைக்கும் படித்தவள், ஒரு கைக்குழந்தைக்கு அம்மா, நாலு பேர் சேர்ந்து பார்த்தால் சொந்தப் பேரே மறந்துபோகிறவள். கூச்சத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவில் வேலை பார்க்கிற அக்கா தங்கச்சிமாருக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. படித்தாலே புரியும்.

துடைப்பத்தோடு நின்றவள்

நான் அங்கே சேர்ந்தது ஹவுஸ்கீப்பிங் வேலைக்கு. காலையில் பையன்கள் வருவதற்குள் கோர்ட்டைப் பெருக்கிவிட வேண்டும். அப்போதெல்லாம் பஷீர் சார்தான் காலுக்குக் கட்டுவார். தங்கமான மனுஷர், ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர். ஆனால் அவர் கட்டினால் ஒரு பக்கம் இறுக்கும், இன்னொரு பக்கம் சுருக்கம் விழும். ஒரு பையனுக்குக் கால் விரல் ஊதா நிறத்துக்கே வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் குரோம்பேட்டையில் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் நாலு வருஷம் இருந்தேன். செம்புக் கம்பிக் காயிலுக்கு மேல் காட்டன் டேப் சுற்றுவோம். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று சரிபாதி ஏற வேண்டும். நடுவில் சந்தும் தெரியக்கூடாது, மடிப்பும் விழக்கூடாது. பஷீர் சார் கட்டுவதைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குக் கை அரிக்கும், வாய்தான் வராது. ஒரு நாள் துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே, "பாதி மேல பாதி ஏறணும் சார்" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கோச் சார் டேப்பை எடுத்து என் கையில் வைத்தார். பஷீர் சார் தன் காலையே நீட்டினார். கட்டி முடித்ததும் எழுந்து ரெண்டு குதி குதித்துப் பார்த்தார். அப்புறம் கோச் சாரிடம் சொன்னார்: "இத்தன வருஷம் நான் பண்ணது கட்டு இல்ல சார், பார்சல்."

வீட்டில் சொல்லாதது

அடுத்த வாரமே என்னை விளையாட்டுத் துறைக்கு மாற்றிவிட்டார்கள். சந்தோஷமாக வீட்டில் சொல்லவேண்டிய விஷயம். சொல்லவில்லை. என் மாமியார் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். சுத்தம் பண்ணுவது, புண் துடைப்பது, தூக்கிப் படுக்க வைப்பது என்று எல்லாம் பார்த்தவர். நான் வேலைக்குப் போகிறேன் என்றபோது அத்தை கண்டிஷனாகச் சொல்லியிருந்தார், "கொயந்தய நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா. ஆனா ஊரான் ஒடம்பத் தொட்டு பொயக்கறது என்னோட போவட்டும். இந்த வூட்ல இன்னொருத்தி அத செய்யக்கூடாது."

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக்; காலையில் பையை மாட்டிக்கொண்டு போனால் இருட்டித்தான் வருவார். அத்தை குழந்தையைப் பார்க்காவிட்டால் எனக்கு வேலையே கிடையாது. ஊரான் காலை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இன்னும் கோர்ட் பெருக்குவதாகவே சொல்லிவந்தேன். வேலை முடிந்ததும் ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். இதைத் தெரிந்துகொண்ட பஷீர் சார் சிரிக்கவில்லை, பெருமூச்சு விட்டார்: "எங்க வீட்ல நான் கோச்சுன்னு சொல்றேன், அவங்க பந்து பொறுக்கறேன்னு நெனைக்கறாங்க. நீங்க என்னடான்னா கோச்சிங் ஸ்டாஃப்ல இருந்துகினு பெருக்கறேன்னு சொல்றீங்க."

கல்யாணத்துக்கு வந்த கால்கள்

முதல் நாள் ஒரு பையனும் காலைக் கொடுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். "வேணாம்கா, நீங்க எங்க அக்கா மாதிரி, உங்க மேல கால் வெச்சா பாவம்கா" என்றான் கேப்டன் கௌதம். ஆறேகால் அடி உயரம், என்னைப் பார்த்து அப்படிக் கூசினான். எனக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரெண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கோச் சார் விசிலை ஊதி, காலைக் கொடுக்காதவன் இன்றைக்கு ஆடவேண்டாம் என்று சொன்ன பிறகுதான் கால் வந்தது.

மறுநாள் என் கட்டு ஒன்றுகூட நிற்கவில்லை. பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேருக்கும் நழுவி, செருப்பு வார் மாதிரி தொங்கியது. கோச் சார் என்னைப் பார்த்த பார்வையில், துடைப்பம் எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். பஷீர் சார்தான் ஒருத்தன் காலைத் தூக்கி மோந்து பார்த்தார். அக்கா தொடுகிற கால் ஆயிற்றே என்று மரியாதைக்கு எல்லாரும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, காலுக்கு டால்கம் பவுடர் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பவுடர் மேல் பிளாஸ்திரி எங்கே ஒட்டும்? பஷீர் சார் அந்தக் காலைக் கீழே விட்டுவிட்டுச் சொன்னார்: "மேட்சுக்கு வரல சார் இவனுங்க, மாப்ள பாக்க வர்றாங்கன்னு காலுக்கு மேக்கப் போட்டுகினு வந்துகிறானுங்க."

பத்தாம் நம்பர் ஷூ

பள்ளிக்கரணை பக்கம் ஒரு கல்லூரிக்கு ஆடப் போயிருந்தோம். உள்ளரங்கக் கோர்ட், மரத்தரை. செருப்போடு உள்ளே வரக்கூடாது, வெறுங்காலோடும் பெஞ்சில் உட்காரக்கூடாது, ஷூ இருந்தால்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். என்னிடம் ஏது ஷூ? கௌதம் பையிலிருந்து பழைய ஜோடி ஒன்றை எடுத்தான், பத்தாம் நம்பர். முன்னால் துணியை அடைத்து, லேஸை ரெண்டு சுற்றுக் காலோடு சேர்த்துக் கட்டி, சுடிதாருக்குக் கீழே ரெண்டு படகு போல இழுத்துக்கொண்டு நடந்தேன். எதிர் டீம் பையன்கள் வழி விட்டு நின்றார்கள். சிரித்தால்கூடப் பரவாயில்லை, மரியாதையாக நின்றதுதான் தாங்கவில்லை. எங்கள் பெஞ்சுக்கு வந்த நடுவர் கீழே பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடியும் கீழே பார்த்தார்: "மேடம், சப்ஸ்டிட்யூட்டா எறங்கறதுன்னா முன்னாடியே பேர் குடுத்துருங்க."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம்

நான் பயந்துகொண்டிருந்த ஆட்டம் சிட்லபாக்கத்தில் வந்தது. திறந்த கோர்ட், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. வயிற்றுவலி என்று நின்றுவிடலாமா என்று யோசித்தேன். பன்னிரண்டு பேர் காலை யார் கட்டுவது? தண்ணிக் கேன் வைக்கப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

மூன்றாவது குவார்ட்டரில் கௌதம் குதித்து, அடுத்தவன் கால் மேல் இறங்கினான். கோச் சார் வெளியே கூப்பிட்டு எலும்பை அழுத்திப் பார்த்தார். வலி இல்லை, ஊன்றி நிற்கிறான். கட்டு மட்டும்தான் கிழிந்திருந்தது. காலை மடியில் வைத்து, பழையதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற ஆரம்பித்தேன். நாலாவது சுற்றில், "அம்மா" என்று ஒரு குரல். என் குழந்தையின் குரல் எனக்குத் தெரியாதா? நிமிர்ந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இடுப்பில் குழந்தையோடு அத்தை. என்னைத் தேடி அழுதிருக்கிறது, தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. என் மடியில் இருந்த காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கை நின்றுபோயிற்று. பஷீர் சார் திரும்பிப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டார். "குடுங்கமா, நான் முடிக்கறேன், நீங்க போங்க" என்று கையை நீட்டினார். கொடுத்திருந்தால், சும்மா பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அத்தையிடம் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் பாதிக் கட்டை இன்னொருத்தர் கையில் கொடுத்தால் அது எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டு மிச்சத்தையும் சுற்றினேன். காதெல்லாம் எரிந்தது. கௌதம் எழுந்தான், ஊன்றிப் பார்த்தான், ஓடினான். ஆட்டத்தில் மூன்று பாயிண்டில் தோற்றோம். ஆனால் கடைசி விசில் வரைக்கும் அவன் நிற்கவில்லை.

முடிந்ததும் வலைக்கு அந்தப் பக்கம் போனேன். குழந்தை தாவி என்னிடம் வந்தது. வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு, "அத்தை, நானே சொல்லலாம்னுதான்..." என்று இழுத்தேன்.

"இன்னா சொல்லப்போற? மொத வாரமே எனக்குத் தெரியும்" என்றார். "கொயந்திக்கு சோறு ஊட்டற கையில பிளாஸ்திரி வாசன. நீ எத்தினி சோப்பு போட்டாலும் அது போவாது. முப்பது வருசம் மோந்த மூக்கு இது."

"நீங்கதானே வேணாம்னு சொன்னீங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அத்தை கோர்ட்டைப் பார்த்தார். தோற்ற கோபத்தில் கௌதம் தனியாகப் பந்தைத் தட்டித் தட்டிக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குதிக்கும் அத்தையின் கண் அவன் காலோடு ஏறி இறங்கியது. அப்புறம் முந்தானையால் குழந்தையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் தொட்டவன்லாம் படுத்துக்கினு கெடந்தான். நீ தொட்டவன் எய்ந்து ஓடறான். நாளைக்கும் போ."

ஆக, எங்கள் தொழிலில் ஒளித்துவைக்க முடியாதவை ரெண்டுதான், ஒன்று வீங்கின கால், இன்னொன்று பிளாஸ்திரி வாசனை.