மூன்று வயதுக்கு மேற்பட்டோருக்கான குழந்தை இயேசு

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும், குடிலில் காலியாக இருக்கும் தீவனத் தொட்டியில் குழந்தை இயேசுவைக் கொண்டுபோய் வைப்பது வீட்டின் கடைக்குட்டி. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் கடைக்குட்டிக்கு முப்பத்தைந்து வயது தாண்டி, முட்டி போட்டு எழுந்தால் முழங்கால் சத்தம் போடுகிற காலம் வந்த பிறகும் அவளேதான் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கடைக்குட்டி நான்தான்.

அண்ணன் சாமியாராகப் போய்விட்டான். அக்கா கன்னியாஸ்திரி. இரண்டு பேரையும் எங்கள் பங்குக் கோயில் முழுக்க மெச்சினார்கள். அடுத்த கடைக்குட்டியைப் பெற்றுத் தருகிற பொறுப்பு மொத்தமும் என் ஒருத்தி தலையில் வந்து விழுந்ததை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் நான் பாலன் இயேசுவை வைத்துவிட்டு எழும்போது, பாலக்கரையிலிருந்து கேக்கோடு வந்து முன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அத்தை, என் அப்பாவின் தங்கை, எல்லோர் காதிலும் விழும்படி, அடுத்த வருஷமாவது உனக்கு இந்த வேலையிலிருந்து ரிட்டயர்மென்ட் கிடைக்கட்டும் என்பார். பிரியமாகத்தான் சொல்வார். அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம் மகள் பிறந்தாள். முதல் கிறிஸ்துமஸில் அவளுக்குக் காய்ச்சல், நாங்கள் போகவே இல்லை. போன டிசம்பரில்தான் தத்தக்கா பித்தக்கா என்று நடக்க ஆரம்பித்திருந்தாள். அவள் கையால் பாலனை வைக்க வேண்டும், அதை அத்தை கண்ணால் பார்க்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேறு ஆசையே கிடையாது.

சிக்கல் அவள் வாயில் இருந்தது. கையில் எது கிடைத்தாலும் வாய்க்குள் போகும். செய்தித்தாள், செருப்பு வார், என் ஜெபமாலை, ரேஷன் கார்டின் ஒரு மூலை எல்லாம் போயிருக்கிறது. எங்கள் குடிலில் இருக்கும் பாலனோ கட்டைவிரல் நீளம். சுண்ணாம்பு பொம்மை, ரோஸ் பெயின்ட் உரிந்து கொண்டிருக்கிறது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னது என் முதல் தப்பு. அவருக்குத் துவாக்குடி பக்கம் ஒரு ஃபேக்டரியில் தரப் பரிசோதனை வேலை. குழாயில் தலைமுடி அளவு விரிசல் இருந்தாலும் கண்டுபிடித்து லாரியைத் திருப்பி அனுப்புகிற மனுஷன்.

அவர் ராத்திரி சாப்பாட்டை ஆறவிட்டுப் போனில் படித்துக் கண்டுபிடித்த விஷயம் இது: டாய்லெட் பேப்பர் சுருளுக்கு நடுவில் இருக்கும் அட்டைக் குழாய்க்குள் எது புகுமோ, அது சின்னக் குழந்தையின் தொண்டையிலும் போய் அடைக்கும். நல்லது. ஆனால் நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், கோயில் மதிலுக்கு நாலு தெரு தள்ளி ஒரு அடுக்குமாடி வீட்டில். வீட்டில் டாய்லெட் பேப்பர் கிடையாது. கட்டடத்திலேயே கிடையாது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்குள் புகுந்து கடை கடையாகக் கேட்டுக்கொண்டு போனார். துளசி மாலை, தாழம்பூ குங்குமம், பஞ்சகவ்ய விளக்கு எல்லாம் இருந்தது. ஒரு கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து யாராவது வந்திருக்கிறார்களா என்று அக்கறையாக விசாரித்தார். கடைசியில் ஒரு மருந்துக் கடையில் தூசி படிந்த ஒரு சுருள் கிடைத்தது. குழாய் மட்டும் வேண்டும் என்பதால் பேப்பர் முழுவதையும் பிரித்து ஹாலில் குவித்தார். அதில் கொஞ்சத்தை மகள் தின்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மேலப்புதூரில் அப்பா வீட்டுக்கு அந்தக் குழாயோடு போனோம். அப்பா சாப்பாட்டு மேஜையில் குடில் பொம்மைகளைப் பரப்பிப் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குழாயில் விட்டுப் பார்த்தார். மாதா உள்ளே போகவில்லை, பாஸ். சூசையப்பர் பாஸ். ஒட்டகம் பாஸ். ஆட்டுக்குட்டிகள் எல்லாம் ஃபெயில். மூன்று ராஜாக்களில் ஒருவர் தோள் வரைக்கும் போய் மாட்டிக்கொண்டார். தேங்காய் எண்ணெய் விட்டுத்தான் எடுக்க வேண்டியிருந்தது. பாலன் எங்கேயும் இடிக்காமல் நேராக இறங்கி இவர் உள்ளங்கையில் விழுந்தார். இவர் பழக்க தோஷத்தில், "ரிஜெக்ட்" என்று சொல்லிவிட்டார். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்து காபி போடப் போய்விட்டார்.

ஆக, ஆன்லைனில் ஒரு பாலனை வாங்குவது என்று முடிவானது. ஆபத்தில்லாததாக இருக்க வேண்டும், வயதுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், சுற்றுச்சூழலைக் கெடுக்காததாக இருக்க வேண்டும். அந்தத் தளத்தில் வயதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். நான் மகள் வயதைப் போட்டேன். வந்ததெல்லாம் மரக் கிலுகிலுப்பை. குடில் பொம்மைகளைத் தேடினால் எல்லாவற்றிலும் ஒரே எச்சரிக்கை: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. பிறந்த அன்றைக்கே தொட்டியில் படுத்திருக்கும் குழந்தை, அதைத் தொட மூன்று வயதாக வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஒரு மரக் குடில் செட் எல்லா நிபந்தனைக்கும் பொருந்தியது. வேப்ப மரம், காய்கறிச் சாயம், ஒரு வயது முதல். இவர் உடனே வாங்கிவிடுவாரா? கேள்வி கேட்கும் பகுதியில் போய், குழந்தை இயேசு கழன்று வருமா என்று கேட்டார். முன்பு வாங்கியவர்கள் பதில் போட்டார்கள். ஒருவர், தெரியாது, பரிசாகக் கொடுத்துவிட்டேன் என்றார். இன்னொருவர் டெலிவரி நன்றாக இருந்தது என்றார். மூன்றாமவர் எங்கள் நாய்க்கு மிகவும் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தார். அந்த நாயின் நற்சாட்சியை நம்பி ஆர்டர் போட்டோம்.

பிளாஸ்டிக் இல்லாத பொம்மை நாலு சுற்று பிளாஸ்டிக் உறைக்குள் வந்து சேர்ந்தது. ஒருத்தருக்கும் முகம் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி உருண்டைத் தலை. மாதா யார், சூசையப்பர் யார், இடையர் யார் என்று அப்பாவாலேயே சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒருத்தரைக் கண்டுபிடித்துவிட்டோம், ஏனென்றால் அவர் மடியில் பாலன் இருந்தார். ஒட்டியிருந்தார். ஒரே மரத்தில் அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்துக் கடைந்திருந்தார்கள். இவருக்குப் பரம சந்தோஷம், கழன்று வர ஒன்றுமே இல்லை என்று. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மாவையும் சேர்த்தா தொட்டியில் படுக்கவைப்பது?

திருப்பி அனுப்பலாம் என்றால் காரணம் கேட்கிறார்கள். அளவு சரியில்லை, உடைந்திருந்தது, மனசு மாறிவிட்டது. பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்க முடியவில்லை என்று அதில் எங்கேயும் இல்லை. சாட்டில் ஒரு பெண் வந்தாள். நான் மூச்சு விடாமல் விவரம் எல்லாம் எழுதினேன். சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்களுக்கு வேறு குழந்தை அனுப்பட்டுமா என்று பதில் வந்தது. எட்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவளிடம் இவ்வளவு சுலபமாக ஒருத்தரும் கேட்டதில்லை. அனுப்புங்கள் என்று எழுதினேன்.

இந்த முறை துணி பொம்மை. ரசாயனம் படாத பருத்தி, துவைக்கலாம், பிறந்த நாள் முதல் எந்த வயதுக்கும் ஏற்றது. படத்தில் அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அளவை நான் பார்க்கவில்லை. இவர் பார்க்காமல் விட்டது அவர் வேலைக்கே களங்கம், இன்றைக்கும் அதை நான் சொல்லிக் காட்டுவதுண்டு.

ஏகாதசிக் கூட்டத்துக்காகத் தெருவை மறித்திருந்ததில் பார்சல் இரண்டு நாள் தள்ளி, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம்தான் வந்தது. நான் ஆபீஸில் இருந்தேன். கீழ் வீட்டு மாமிதான் வாங்கி வைத்திருந்தார். உறை கிழிந்து கால் வெளியே தெரிந்ததாம். நான் போய்க் கேட்டபோது பொம்மை அவர் வீட்டு ஊஞ்சலில், கழுத்து வரை போர்த்தியபடி படுத்திருந்தது. "மார்கழிப் பனியோல்லியோ, அதான் போர்த்தினேன்" என்றார் மாமி. தூக்கிப் பார்த்தேன். என் மகளை விட நாலு விரல்தான் சின்னது.

வேறு வழியில்லை, எடுத்துக்கொண்டு ஓடினோம். அப்பா வாசலிலேயே பாலனைப் பார்த்துவிட்டு, வைக்கோல் கூரையை மெதுவாகக் கழற்ற ஆரம்பித்தார். கொட்டகை போயிற்று. தொட்டிக்குப் பதில் தக்காளிக் கூடை வந்தது. சூசையப்பர் பாலனின் முழங்கால் உயரம். ஒட்டகம் கூடைக்குப் பின்னால் எங்கே போனது என்றே தெரியவில்லை. வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அத்தை கேக் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெபம் முடிந்தது. மகள் கையில் பாலனைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் ஒன்றும் தெரியாமல் தட்டுத் தடுமாறி நடந்தாள்; ஒரு தரம் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள், சேர்ந்தே எழுந்தார்கள். எல்லோர் போனும் மேலே இருந்தது. கூடை வரைக்கும் போனாள். குனிந்தாள். வைக்கோலைப் பார்த்தாள். பிறகு பாலனின் காதைக் கடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வை தங்கம் என்றேன். இவர் சொன்னார். அப்பா சொன்னார். சாமியார் அண்ணன் வீடியோ காலில் சொன்னான். அவள் இறுக்கிப் பிடித்தாள். சர்ச்சில் நடுராத்திரிப் பூசைக்கு நேரமாகிறது என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அத்தைதான் பொறுக்க முடியாமல் பேசினார். "புடுங்கி வெச்சுட்டு ஒரு முட்டாய் குடும்மா. சின்னப் புள்ளைதானே, மறந்துரும்."

நானும் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். பொம்மையின் காலைப் பிடித்து இழுத்தேன். மகள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். எனக்குக் கை வரவில்லை. கல்யாணமான பிறகும் எட்டு வருஷம் இதே இடத்தில் நான் முட்டி போட்டிருக்கிறேன். ஜெபம் முடிகிறவரை பாலன் என் உள்ளங்கையில் சூடேறிக் கிடப்பார், அப்புறம் வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டு எழுந்திருக்கும்போது உள்ளங்கையில் அந்தச் சூடு மட்டும்தான் மிச்சம். சிரித்துக்கொண்டே எழுந்திருப்பேன்.

"வேணாம் அத்தை," என்றேன். "அவ வைக்க வேணாம். எனக்குத்தான் தெரியும், வெச்சுட்டு எந்திரிக்கறது எப்படி இருக்கும்னு."

அத்தை கேக் டப்பாவைக் கீழே வைத்தார். தன் சால்வையைக் கழற்றி மகளையும் பாலனையும் சேர்த்துப் போர்த்திவிட்டு, பூசைக்கு நீங்கள் போங்கள், நான் இருக்கிறேன் என்றார்.

மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தவர்கள் வழக்கம்போலக் குடில் பார்க்க வந்தார்கள். ராஜாக்களும் இடையர்களும் ஒரு காலித் தக்காளிக் கூடையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள் அறையில் மகள் பாலனை விடாமல் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். பாலனை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா என்று எதிர் வீட்டுக்காரர் பதறிப்போய்க் கேட்டார். ராத்திரி முழுக்க அப்பா வீட்டிலேயே இருந்துவிட்ட அத்தை, ஊருக்கே கேட்கிற தன் குரலை முதல் தடவையாகத் தாழ்த்திக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார்.

"பொறந்துட்டாரு. உள்ள அம்மாவும் புள்ளையும் கட்டிப் புடிச்சுத் தூங்குறாங்க. மெதுவா பேசுங்க."