ஓரின் திட்டாத சாயங்காலம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். என் கணவர் ஓரினின் இடுப்பில் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன. இது நடந்தது என்பதற்கு எனக்கு அது போதும்.

போன அக்டோபர். மின்னசோட்டாவில் ஏரிக்கரை முகாம்களைக் குளிருக்காக மூடுவதற்கு முந்தைய கடைசி வாரம். காகித ஆலையில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்று குடும்பங்கள் நாங்கள். வருடா வருடம் வீட்டு வண்டிகளை ஓட்டிக்கொண்டு போய் ஒரே கரையில் நிறுத்துவோம். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வண்டிக்குள்ளேயே. எங்களுடையது முப்பத்திரண்டு அடி நீளம்.

எப்போதும் ஓட்டுவது ஓரின்தான். அந்த மாதம் அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை செய்திருந்ததால் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது. நேராக ஓட்டுவது ஒன்றுமில்லை. பின்னால் எடுத்து நிறுத்துவதுதான் உயிர் போகிற வேலை. ஒருவர் இறங்கிப் பின்னால் நின்று வாக்கி டாக்கியில் வழி சொல்ல வேண்டும். பின்பக்கக் கேமரா கெட்டு இரண்டு வருடம். "நான் ஒருத்தன் இருக்கேன்ல, அது எதுக்கு?" என்று மனிதர் மாற்றவே விடவில்லை.

அவர் வழி சொல்லும் லட்சணம் எனக்குத் தெரியும். கடை வாசலில் நான் பின்னால் எடுத்துப் பழகியபோது அவர் திட்டிய திட்டைக் கேட்டு, முன்பின் தெரியாத ஒரு பெண் வந்து என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மாலை மணி 6.40. தூறல். ஏரியிலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முன்பே வந்து நெருப்பு மூட்டியிருந்தார்கள். என் தோழி கெயிலின் சிரிப்பு மரங்களுக்கு அப்பால் கேட்டது. எங்களுக்குக் கிடைத்தது பத்தொன்பதாம் எண் இடம். தண்ணீரை ஒட்டிய கடைசி இடம்.

ஓரின் டார்ச்சோடு இறங்கிப் பின்னால் போனார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, ஒரு கண் மங்கல், தரையெல்லாம் ஈர இலை. பதினைந்தாயிரம் பவுண்டு வண்டியை அவரை நோக்கி எடுக்கப் போகிறேன்.

என் பக்கத்து வாக்கி டாக்கி கரகரத்தது.

"வா... மெதுவா வா."

எடுத்தேன்.

"அப்படித்தான். நல்லா ஓட்டற."

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தாறு வருடத்தில் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண் டாக்டர் இதையும் சேர்த்துச் சரி பண்ணிவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"வா செல்லம்... இன்னும் வா."

கண்ணாடியில் பார்த்தேன். டார்ச் வெளிச்சம் வலது ஓரத்தில் இருந்தது. பிறகு தரைக்கு இறங்கியது. பிறகு அதுவும் இல்லை.

டக்.

சக்கரத்துக்கு அடியில் ஏதோ உடைந்தது.

"அது கல்லு... பரவால்ல. வா."

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். இன்னும் ஓர் அடி எடுத்தேன். அந்தக் குரல் அவ்வளவு இதமாக இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது...

கல்லில் ஏற்றியிருக்கிறேன். ஓரின் திட்டவில்லை.

பிரேக்கை மிதித்தேன்.

"ஏன் நின்னுட்ட, செல்லம்?"

அது ஓரினின் குரல்தான்.

ஆனால் ஓரின் இல்லை.

கதவைத் திறந்து குதித்து ஓடினேன். வண்டியின் பின்பகுதிக்கு அடியில் இலைச் சேற்றில் குப்புறக் கிடந்தார். இடுப்பு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. டார்ச், சக்கரத்துக்கு அடியில் தூளாகிக் கிடந்தது. சக்கரத்துக்கும் அவர் தலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"அறிவிருக்காடி உனக்கு?" மூச்சு வாங்கியது அவருக்கு. "வழுக்கி விழுந்துட்டேன்... நிறுத்து நிறுத்துன்னு கத்தறேன்... காது என்ன செவிடா?"

அந்தத் திட்டைக் கேட்டு ஓவென்று அழுதேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வார்த்தை எதையும் நான் கேட்டதில்லை.

"உங்க வாக்கி டாக்கி எங்க?" என்றேன்.

"உள்ளதான் இருக்கு. எடுக்க மறந்துட்டேன்."

திறந்து கிடந்த கதவு வழியாக...

"வா செல்லம்... இன்னும் கொஞ்சம்தான்."

ஓரின் என் கையை இறுகப் பிடித்தார். "அங்க யாரு என்னை மாதிரி பேசறது?" என்றார், மெல்ல.

என் அலறல் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். அவருடைய வாக்கி டாக்கி சமையல் மேடையில் சார்ஜரில் செருகியிருந்தது. அணைத்தே இருந்தது.

மருத்துவமனையில் ஒரு நாள், மயக்க மருந்தின் வேகத்தில் ஓரின் என்னைச் செல்லம் என்று கூப்பிட்டார். இனிமேல் அப்படிக் கூப்பிடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் வண்டியை எடுத்து வரப் போன கெயிலிடம்தான் முகாமைப் பார்த்துக்கொள்ளும் பெண் அதைச் சொன்னாளாம். இரண்டு வருடத்துக்கு முன், அதே பத்தொன்பதாம் இடத்தில், பக்கத்து அயோவா மாநிலத்துக்காரர் ஒருவர் வண்டியைப் பின்னால் எடுத்துத் தன் மனைவி மேலேயே ஏற்றிவிட்டார். அவள்தான் வா வா என்று வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள் என்று போலீசிடம் அழுதிருக்கிறார். யாரும் நம்பவில்லை.

தொண்டையில் புற்று வந்து, அதற்கும் மூன்று வருடம் முன்பே அவர் மனைவியின் குரல்வளையை எடுத்திருந்தார்கள். அவளுக்குப் பேச்சே கிடையாது. டார்ச்சை ஆட்டித்தான் வழி காட்டுவாளாம்.

அந்த மனிதர் ஒரே வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"மூணு வருஷம் கழிச்சு அவ குரல் கேட்டுச்சு... எப்படிய்யா நிறுத்துவேன்?"